பின்திரையும் திணையும்

திரைப்படத்தைத் திறனாயப் புகுவோர் கதை, உரையாடல், நடிப்பு, இசை ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து ஆராய்வர். நாயகன் நிற்கும் சாளரத்துக்கு அப்பால் தெரியும் ஊரைப் பற்றிப் பேசுவோர் அரியர். அவ்வூர் பல வேளைகளில் ஊரே அன்று. அரங்கின் ஓரத்தில் தொங்கவிட்ட நிழற்படத் திரை. அதனைத் திருத்திச் செப்பம் செய்வதும் ஒரு கலை. அதை அளக்கும் கோல் தமிழில் இல்லாமல் இல்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனவும், மரம், புள், தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் எனவும் வகுத்த தொல்காப்பியமே அக்கோல்.

ஜொகூர் மாநிலத்தில், முன்னர் நூசாஜெயா எனவும் இன்று இஸ்கண்டார் புத்ரி எனவும் வழங்கும் பகுதியில், பைன்வுட் இஸ்கண்டார் மலேசியா படப்பிடிப்பு நிலையம் எழுந்தது. (2019இல் பைன்வுட் என்னும் பெயர் நீங்கியது.) 2014இல் வெளிவந்த ‘மார்க்கோ போலோ’ தொடருக்காகக் குப்ளாய் கானின் அரண்மனைக் கூடங்கள் அங்கே அமைக்கப்பட்டன, படக்குழு கசக்ஸ்தானுக்கும் சென்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டு மங்கோலிய அரசவை, ஆண்டெல்லாம் மழை காணும் ஜொகூரில்! நெய்தலில் நின்று முல்லையைக் காட்டும் இத்தகைய முயற்சியில், கூடத்தைத் தச்சர் கட்டிவிடுவர். சாளரத்துக்கு வெளியே தெரிவது எந்த நிலம் என்பதற்கு நிழற்படத் திரையோ கணினி இணைக்கும் காட்சியோ விடை கூறியாக வேண்டும்.

பழைய நிழற்படக் கடைகளில் முகச் சுருக்கத்தைப் பென்சிலால் மறைப்பதை ‘டச்சிங்’ என்றனர். பின்திரையில் வேலை வேறு. அசைய வேண்டியவை முதலில் நீக்கப்படும்: நடப்போர், வண்டி, புகை, கொடி, பறவை. நடிகர் இரண்டு நிமிடம் பேசி முடித்த பின்னும் எதிர்த்தெருவில் ஒருவன் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றால் காட்சி அங்கேயே பொய்த்துவிடும். படத்தில் நிழல் விழும் திசை அரங்க விளக்கின் திசையோடு பொருந்த வேண்டும். இல்லையேல் அறைக்குள் காலையும் வெளியே மாலையுமாகப் பொழுது திரியும். சில அடி தொலைவில் தொங்கும் துணி பல கல் தொலைவைக் காட்ட வேண்டியிருப்பதால் கூர்மையும் சற்றே குறைக்கப்படும். இங்கே தான் கைகள் எல்லை மீறுகின்றன. சுவரின் கறையை எல்லாம் துடைத்து, ஒரே மேகத்துண்டைப் படியெடுத்து வானெங்கும் ஒட்டினால் கிடைப்பது எவரும் குடியேறாத ஊர்.

மாற்றமே குற்றம் என்பதன்று. இங்கிலாந்திலுள்ள தாய்நிலையமான பைன்வுட்டில் உருவாகி 1947இல் வெளிவந்த ‘பிளாக் நார்சிசஸ்’ இமயமலைக் கன்னிமடத்தைக் காட்டியது. படக்குழு இந்தியாவுக்கு வரவே இல்லை. பெரிதாக்கிய கறுப்பு வெள்ளை நிழற்படங்களின்மேல் வண்ணச் சுண்ணத்தால் நிறந்தீட்டிப் பின்திரைகளை அமைத்தனர். கலை அமைப்புக்காக ஆல்பிரட் யுங்கும் ஒளிப்பதிவுக்காக ஜாக் கார்டிஃபும் ஆஸ்கார் பரிசு பெற்றனர். அந்த மலை இமயம் அன்று எனச் சுட்டுவது எளிது. ஆயினும் அந்நிறங்கள் துறவியரின் மனக்கலக்கத்துக்கு இடமாகின்றன. முதற்பொருள் அங்கே உரிப்பொருளுக்குப் பணிசெய்கிறது.

ஜொகூர்த் தோட்டமொன்றில் 1950களில் நிகழும் நாடகத்துக்கு இன்று எடுத்த நிழற்படத்தைப் பின்திரையாக்குவதாகக் கொள்வோம். மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் இரப்பர் நின்ற இடத்தை 1960களுக்குப் பின் செம்பனை கைப்பற்றியது. ஆகவே செம்பனையை அழித்து இரப்பரை வைப்பது திருத்தம். உயர்மாடிக் கட்டடத்தையும் தொலைபேசிக் கோபுரத்தையும் நீக்குவதும் அவ்வாறே. லயத்து முன்றிலின் துணிக்கொடியையும், மரத்தடியில் மஞ்சள் பூசிய கல்லையும் காட்சிக்கு அழகில்லை என்று துடைத்தால் அது எதற்குப் பணிசெய்கிறது? நடிகர் பேசும் தமிழ் தோட்டத் தமிழாக இருக்கும். அவருக்குப் பின்னால் எவருடைய தோட்டமும் இராது. அந்நாடகத்துக்கு மதிப்புரை எழுதுவோர் உரையாடலைப் புகழுமுன் அக்கல் நின்ற இடத்தைத் திரையில் ஒருமுறை தேடிப் பார்த்தல் வேண்டும்.