'அழகு' என்று ஒரே வார்த்தையில் முடித்தால் எப்படி?

ஸ்பானிஷ் கற்க ஆரம்பிக்கிறவர்களுக்கான புத்தகங்களில் "அழகானவரை வர்ணிக்கும் சொற்கள்" என்று ஒரு பட்டியல் இருக்கும். குவாப்போ, லிந்தோ, எர்மோசோ, சூலோ. எல்லாத்துக்கும் எதிரே ஒரே பொருள்தான்: அழகு. இந்தப் பட்டியல்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

குவாப்போவையே எடுத்துக்கொள்வோம். கெட்டுப்போன ஒயினையும் உதவாக்கரை ஆளையும் குறித்த 'வப்பா' என்ற லத்தீன் சொல்தான் இதன் வேர் என்கிறார்கள். அது அடாவடிக்காரன், துணிச்சல்காரன் என்று படியேறி, ஸ்பெயினில் அழகன் ஆகிவிட்டது. டொமினிகன் குடியரசிலோ, ஒருத்தர் குவாப்போவாக இருக்கிறார் என்றால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். சூலோவும் அப்படித்தான். மெக்சிகோவில் பாராட்டு. ஸ்பெயினில் ஓர் ஆளைச் சொன்னால் திமிர் பிடித்தவன். பெண்களை வைத்துப் பிழைக்கிறவன் என்றும் பொருள் உண்டு.

இதைவிடப் பெரிய பள்ளம் வினைச்சொல்லில் இருக்கிறது. நாம் 'இரு' என்று ஒன்றை வைத்துச் சமாளிக்கிற இடத்தில் அவர்களுக்கு சேர், எஸ்தார் என்று இரண்டு. 'புவேனோ' என்றால் நல்ல. சேரோடு வந்தால் நல்ல மனுஷன். எஸ்தாரோடு சூப்பைப் பற்றிச் சொன்னால் ருசியாக இருக்கு. அதே எஸ்தாரோடு ஆளைச் சொன்னால்? அதேதான், சாப்பிடுற பார்வை! தோழியின் அண்ணனை நல்லவர் என்று சொல்லப்போய் அசடு வழியாமல் இருக்க, இந்த ஒரு வரியாவது அந்தப் புத்தகங்களில் இருக்க வேண்டாமா?

யார், யாரிடம், எங்கே சொல்கிறார் என்பதும் பொருளில் சேர்ந்ததுதான். தெருவில் போகிற பெண்ணைப் பார்த்து வீசும் புகழ்ச்சிக்கு 'பிரோபோ' என்று பெயர். ரொம்ப காலம் அதை ஒரு கலை மாதிரி ரசித்தார்கள். கேட்டுக்கொண்டு நடந்தவர்களுக்கு அது ரசனையாக இல்லை. பெருவில் 2015-லும் ஸ்பெயினில் 2022-லும் பொது இடப் பாலியல் தொல்லைக்கு எதிராகச் சட்டமே வந்தது. பட்டியலில் அதெல்லாம் இன்னும் வெறும் 'அழகு'.

என் யோசனை எளிது: ஒவ்வொரு சொல்லுக்கும் நாட்டையும் வினையையும் பக்கத்தில் போடுங்கள்.

மெக்சிகோவில் ஆளை மயக்கும் அழகு உள்ளவரை 'மாங்கோ' என்பார்கள். போர்ச்சுகீசியர் வழியாகப் போன நம் பக்கத்து மாங்காய்தான் அது. நமக்குக் காய், அவர்களுக்குக் கனி. அகராதியில் இரண்டும் ஒன்றுதான்.