மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும்

கார்மேகம் கவிந்தால் உழவர் மகிழ்வர் என்பது உலக வழக்கு. சிவகாசி வட்டாரத்தில் அது பாதி உண்மையே. வானம் மூடிக்கொண்டால் பட்டாசு மருந்து உலராது, தீக்குச்சி காயாது, வேலை நிற்கும், செய்த அளவுக்கே கூலி என்பதால் கூலியும் நிற்கும். அத்தகைய நாள்களில்தான் எங்கள் பங்கின் தெருக்களில் தாயக்கட்டை உருளும் ஓசை கேட்கிறது. பலகை விளையாட்டுகளில் எனக்குள்ள ஈடுபாட்டை எழுத அமரும்போதெல்லாம் இந்த நினைவு குறுக்கிடுகிறது. மகிழ்ச்சியைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் அது அடுப்பெரியாத நாளின் மகிழ்ச்சி.

இம்மண்ணில் இவ்விளையாட்டுகள் நேற்று வந்தவை அல்ல. 2022ஆம் ஆண்டு வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டையருகே தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களோடு சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்தன. பெயர் தெரியாத அந்த முன்னோர் எந்தக் கட்டத்தில் அக்காய்களை நகர்த்தினரோ, யார் யாரை ஏமாற்றினரோ!

விளையாட்டைப் பற்றித் திருச்சபை எப்போதும் ஒரே குரலில் பேசியதில்லை என்பதையும் இங்கே நினைவுகூரலாம். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டில் கூடிய எல்விரா சங்கம், பணம் வைத்துப் பகடையாடும் கிறிஸ்தவரை நற்கருணை உறவிலிருந்து விலக்கியது. திருந்தியவர் ஓராண்டுக்குப் பின்னரே சேர்க்கப்படலாம் என்றது. வள்ளுவரும் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். புனித தாமஸ் அக்குவினாசோ, உழைத்த உடலுக்கு உறக்கம் போல, உழைத்த மனத்திற்கு விளையாட்டு தேவை என்று வாதிட்டார்; அளவோடு விளையாடுவதை நற்பண்பு என்றும், சிரிக்கவே மறுப்பவனைக் குற்றமுள்ளவன் என்றும் கூறினார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது எங்கள் கேரம் பலகைக்கு ஓர் இறையியல் ஆதாரம் கிடைத்ததாக நாங்கள் கொண்டாடியது நினைவிருக்கிறது.

இனி விளையாட்டுகளுக்கு வருவோம். பரமபதம் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் ஆடுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வகை ஆட்டம் இங்கிலாந்தை அடைந்து, 'பாம்பும் ஏணியும்' என்ற பிள்ளை விளையாட்டாயிற்று. நற்செயல் ஏற்றும், தீச்செயல் இறக்கும் என்பது அதன் போதனை. ஆனால் ஆடிப்பாருங்கள்: ஏணியில் ஏறியவன் எந்த நன்மையும் செய்யவில்லை, பாம்பின் வாயில் விழுந்தவன் எந்தத் தீமையையும் தேர்ந்துகொள்ளவில்லை. கட்டை விழுந்தது, அவ்வளவே. மனித சுதந்திரத்துக்கு அணுவளவும் இடமில்லாத இப்பலகையை அறநெறிப் பாடமாக ஏற்க என் இறையியல் மறுக்கிறது. எனினும் பாட்டியும் பேரனும் சரிநிகராக அமர்ந்து ஆடக்கூடிய வேறு ஆட்டம் எது? திறமைக்கு வேலையில்லாத இடத்தில் யாருக்கும் அவமானமும் இல்லை. அந்தச் சுகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

தாயம் இன்னும் செழுமையானது. ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். அதற்காகக் கால்மணி நேரம் கட்டையை உருட்டிக் காத்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பதே ஒரு நாடகம். ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம். எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது, எவரை விடுவது என்ற தேர்வு இங்கே உண்டு. பிறர் காயை ஒருமுறையேனும் வெட்டியவரே உள்கட்டத்துள் நுழையலாம் என்ற விதி பல ஊர்களில் இருக்கிறது. காயப்படுத்தாமல் கரையேற முடியாது என்கிற அவ்விதியை நான் விரும்புவதில்லை. ஆனால் அதை நீக்கிவிட்டு ஆடியும் பார்த்திருக்கிறேன், உப்பில்லாத கஞ்சிதான்.

பல்லாங்குழியைப் பெண்டிர் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோர் அதன் கணக்கை அறியாதவர். பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்தைந்தாகப் புளியங்கொட்டையோ சோழியோ. எங்கிருந்து அள்ளினால் எங்கே கை ஓயும் என்பதை முன்னறியும் மூதாட்டியர் எங்கள் பங்கில் இருக்கின்றனர். கல்லூரி மாணவர் அவர்களிடம் தோற்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் முதல் சுற்றில் தோற்றவர் அடுத்த சுற்றில் நிரப்ப முடியாத குழிகளை இழந்தே தொடங்க வேண்டும். இருப்பவனிடம் மேலும் சேர்வது இவ்வாட்டத்தின் இயல்பு. தாலந்து உவமையின் முடிவு நம்மைத் திகைக்க வைக்கிறதே, அத்திகைப்பு ஒவ்வொரு சுற்றிலும் வரும்.

எனினும் என் உள்ளம் கவர்ந்தது ஆடுபுலி ஆட்டமே. சதுரங்கத்தையும் நான் அறிவேன். 1988இல் ஆனந்த் முதல் இந்திய கிராண்ட்மாஸ்டரானபோதும், 2024 டிசம்பரில் குகேஷ் உலக வாகையர் ஆனபோதும் மகிழ்ந்தவன்தான். ஆயினும் அங்கே இரு படைகளும் சமம். ஆடுபுலியிலோ ஒருபுறம் மூன்று புலிகள், மறுபுறம் பதினைந்து ஆடுகள். சந்திப்புகள் இருபத்து மூன்று. பகடை இல்லை, அதிர்ஷ்டம் இல்லை. புலிக்குத் தாவும் வலிமை உண்டு. ஆட்டுக்கு எண்ணிக்கை மட்டுமே உண்டு. எல்லா ஆடுகளும் பலகையில் இறங்கும்வரை எந்த ஆடும் அசையக்கூடாது. பின்னால் காலியிடம் விட்டு நிற்கும் ஆட்டைப் புலி தாண்டிக் கொன்றுவிடும். ஆகவே ஆடுகள் வெல்ல ஒரே வழி, நெருங்கி நின்று புலி நகர இடமில்லாமல் செய்வது. கரித்துண்டால் தரையில் கோடு கிழித்து, மூன்று பெரிய கற்களும் பதினைந்து சிறு கற்களும் பொறுக்கினால் போதும். ஏழையின் திண்ணையில் பிறந்த இவ்வளவு கூர்மையான ஆட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என்னை உறுத்துவதும் இவ்வாட்டமே. தேர்ந்த ஆட்டக்காரர் முதல் சில ஆடுகளை இரையாகக் கொடுப்பார். புலியை மூலைக்கு இழுக்க அது உத்தி. "ரெண்டு போனா என்ன, பதிமூணு இருக்கே" என்பார் எனக்குக் கற்பித்த அப்பத்தா. சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில் நான் வளர்ந்த எழுபதுகளின் பிற்பகுதியில், விடியுமுன்னே வரும் தீப்பெட்டி ஆலைப் பேருந்தில் என் வயதுப் பிள்ளைகள் அரைத்தூக்கத்தில் ஏறிச் செல்வர். ஆடுபுலிக்கு எதிராளி கிடைக்காத பகல்கள் அவை. 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. குழந்தைகள் பள்ளிக்குத் திரும்ப வழிவகுத்த தீர்ப்பு அது, நன்றியோடே நினைக்கிறேன். ஆனால் விபத்து நேரும் ஒவ்வொரு முறையும், அடக்கத் திருப்பலி முடிந்து இழப்பீட்டுத் தொகை பேசப்படும்போது, அப்பத்தாவின் கணக்கு என் காதில் ஒலிக்கிறது. தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப்போகும் ஆயன் இப்பலகையில் தோற்றே போவான். ஆட்டத்தின் குறையா இது, அல்லது ஆட்டம் நம்மைப் பற்றிச் சொல்லும் உண்மையா என்று முடிவுசெய்ய இயலாமலே நான் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

கடந்த ஐப்பசியில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய ஓர் அம்மையார், பங்கு இல்லத் தாழ்வாரத்தில் என்னுடன் ஆட அமர்ந்தார். பட்டாசு ஆலையில் திரி வெட்டுபவர். ஆடுகளை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் ஆட்டை விளிம்பில் வைத்தார், இரண்டாவதையும் விளிம்பில். புலி தாண்டினால் இறங்க இடமில்லாத புள்ளிகளாகவே தேடித்தேடி வைத்தார். "ஒன்றிரண்டைக் கொடுத்தால் சீக்கிரம் மடக்கலாமே அம்மா" என்றேன். "ஒண்ணையும் குடுக்கப்படாது சாமி" என்றார், பலகையிலிருந்து கண்ணெடுக்காமல். மிக மெதுவாக நகர்ந்தது ஆட்டம். பன்னிரண்டாவது ஆட்டை வைத்தபோது மழை விட்டது. வெயில் எட்டிப் பார்க்கவும் தெருவில் வேலைக்கு ஆள் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டார். பன்னிரண்டு ஆடுகளும் பலகையில் அப்படியே நின்றன.