டார்க் கன்வெர்ட்டர்: பெட்டியில் அச்சிட்ட ஸ்டால் வேகமும் சாலையில் கிடைக்கும் வேகமும்

டார்க் கன்வெர்ட்டரின் பெட்டியில் "2800 ஸ்டால்" என்று அச்சிட்டிருப்பது அந்தக் கருவியின் நிலையான குணம் அன்று. குறிப்பிட்ட ஓர் எஞ்சினோடு சேரும்போது கிடைக்கக்கூடிய எண் அது. எஞ்சின் சுழற்றும் இம்பெல்லர், கியர்பாக்ஸைச் சுழற்றும் டர்பைன், இரண்டுக்கும் நடுவே எண்ணெயின் ஓட்டத்தைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் ஆகிய மூன்றும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. டர்பைன் நகராமல் நிற்கும்போது முழு ஆக்ஸிலரேட்டரில் எஞ்சின் எட்டும் உச்ச வேகமே ஸ்டால் வேகம். அந்த நிலையில் ஸ்டேட்டரின் தயவால் எஞ்சினின் டார்க் ஏறத்தாழ இரு மடங்காகக் கியர்பாக்ஸுக்குப் போகிறது. கார் வேகமெடுத்து, டர்பைன் இம்பெல்லரின் வேகத்தில் சுமார் 90 விழுக்காட்டைத் தொட்டதும் இந்தப் பெருக்கம் நின்றுபோகும்.

ஸ்டால் வேகம் எஞ்சின் டார்க்கின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறும். 2500 ஆர்பிஎம்மில் நிற்கும் ஒரு கன்வெர்ட்டரை 25 விழுக்காடு கூடுதல் டார்க் தரும் எஞ்சினில் மாட்டினால், அதே கருவி சுமார் 2800 காட்டும். விட்டத்தின் செல்வாக்கு இதைவிடப் பெரிது. ஒரே வடிவமைப்பில், ஒரே வேகத்தில், கன்வெர்ட்டர் ஏற்கும் டார்க் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. 12 அங்குலத்திலிருந்து 10 அங்குலத்துக்கு இறங்கினால் அது 40 விழுக்காடாகச் சுருங்கும். 1800 ஆர்பிஎம் ஸ்டால் 2800க்கு மேல் போய்விடும். அதனால் கார் எடை, எஞ்சின், கேம்ஷாஃப்ட், பின் அச்சின் விகிதம், டயர் அளவு ஆகியவற்றைக் கேட்காமலே எண்ணைச் சொல்லி விற்பவரிடம் வாங்குவது வீண் வேலை.

தெருவில் ஓடும் வேகக் காருக்கு 1969 கமாரோ நல்ல எடுத்துக்காட்டு: 350 கன அங்குல வி8 எஞ்சின், மூன்று கியர் டர்போ 350 கியர்பாக்ஸ், 26 அங்குல டயர். தொழிற்சாலை கன்வெர்ட்டர் 12 அங்குலத்தை ஒட்டியது. ஸ்டால் 1700, 1800 அளவில் இருக்கும். எஞ்சின் மாற்றப்படாத வரை அதில் குறை சொல்ல ஏதுமில்லை. 0.050 அங்குல உயர்வில் 224 பாகை திறந்திருக்கும் கேம் ஒன்றை மாட்டியதும் கதை மாறுகிறது. அத்தகைய கேமில் எஞ்சின் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே மந்தமாக இருக்கும்; சிக்னலில் டிரைவில் போட்டு நிறுத்தினால் குலுங்கி அணையப் பார்க்கும். ஐடில் வேகத்தை ஏற்றினாலோ கார் பிரேக்கை மீறி முன்னே தள்ளும். இந்தக் காருக்கு 2400 முதல் 2800 வரை ஸ்டால் உள்ள கன்வெர்ட்டர் பொருந்தும்: கேமின் பயனுள்ள எல்லை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, டார்க் உச்சத்துக்குக் கீழே. 3500க்கு மேல் போவது டிராக் ஸ்ட்ரிப் ஆசை.

அதே 2800 ஸ்டாலை இரண்டு வழிகளில் செய்யலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய பழைய உறையைத் திறந்து, துடுப்புகளை வளைத்து, ஸ்டால் எண்ணை ஏற்றி விற்பது மலிவான வழி. அத்தகையது மெதுவாகப் புறப்படும்போதும் எஞ்சினை 2000க்கு மேல் அலறவைக்கும். 10 அங்குல உறையில், பொருத்தமான ஸ்டேட்டரோடு புதிதாகக் கட்டியது அப்படியல்ல. லேசான மிதியில் 1500 ஆர்பிஎம்மிலேயே காரை நகர்த்தும், முழு மிதியில் மட்டும் 2800க்குத் தாவும். துடுப்புகளை உலையில் பற்றவைத்திருக்கிறார்களா, உராய்வு வாஷருக்குப் பதில் ஊசி பேரிங் இருக்கிறதா, ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் வலுவானதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

அடுத்தது நெடுஞ்சாலை. 3.08 பின் விகிதத்தில் இந்தக் கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் சுமார் 2470 ஆர்பிஎம்மில் ஓடும்; 3.73 விகிதத்தில் 3000ஐ நெருங்கும். ஸ்டால் எண்ணுக்குக் கீழே ஓடினால் கன்வெர்ட்டர் முழுக்க வழுக்கிக்கொண்டே இருக்கும் என்ற பயம் மிகையானது. லேசான மிதியில் எஞ்சினின் டார்க் குறைவு என்பதால் வழுக்கலும் குறைவாகவே இருக்கும். ஆனால் 3.08 விகிதத்தோடு 3000 ஸ்டால் சேர்ந்தால், மேடேறும்போதும் நெரிசலிலும் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். லாக்-அப் கிளட்ச் இருந்தால் கணக்கே வேறு. 1982இல் வந்த 700ஆர்4 கியர்பாக்ஸின் நான்காம் கியர் 0.70, 3.73 விகிதத்தோடு சேர்ந்தாலும் 100 கிலோமீட்டருக்கு 2100 ஆர்பிஎம் போதும், கிளட்ச் பூட்டியதும் வழுக்கல் இல்லை. அதன் முதல் கியர் 3.06 என்பதால் புறப்படவும் சிரமப்படாது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போதுதான் சிக்கல்: 5500 ஆர்பிஎம்மில் மாற்றினால் கணக்குப்படி எஞ்சின் 2930க்கு விழ வேண்டும், டர்போ 350இல் 3320 அளவில்தான் நிற்கும். அந்தப் பள்ளத்தை நிரப்ப 700ஆர்4க்குச் சற்று உயர்ந்த ஸ்டால் உதவும். முழு மிதியில் பூட்டும் எண்ணமிருந்தால் பல தட்டுக் கிளட்ச் தேவை. ஒற்றைத் தட்டு தாங்காது.

மாட்டிய பின் சோதிப்பது எளிது. பிரேக்கை அழுத்தி மிதியை ஏற்றிப் பார்க்கும் வழக்கமான முறையில், சக்திவாய்ந்த காரில் சக்கரம் உருளத் தொடங்கிவிடும். அதில் கிடைக்கும் எண் உண்மையைவிடக் குறைவு. சில விநாடிக்கு மேல் அதை நீட்டுவதும் தவறு, ஏனெனில் எஞ்சினின் முழு சக்தியும் எண்ணெயைச் சூடாக்கவே போகிறது. நின்ற நிலையிலிருந்து சட்டென்று முழு மிதி கொடுத்து, முள் எங்கே தாவி நிற்கிறது என்று பார்ப்பதே தெருக் காருக்கு நம்பத்தக்கது. மூன்றாம் கியரில் வழுக்கலையும் அளக்கலாம்: கணக்குப்படி 3000 வர வேண்டிய இடத்தில் மீட்டர் 3200 காட்டினால் வழுக்கல் சுமார் 6 விழுக்காடு. பத்தைத் தாண்டினால் அந்தக் கன்வெர்ட்டர் இந்தக் காருக்கு ஏற்றதல்ல.

ஸ்டாலை உயர்த்துபவர் தனி எண்ணெய்க் கூலரையும் வெப்பமானியையும் அதே செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை கவலையில்லை. 115ஐத் தாண்டினால் எண்ணெய் சிதைந்து உள்பாகங்களில் வார்னிஷ் படியத் தொடங்கும்.

பொருத்தும்போது கன்வெர்ட்டரில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, கியர்பாக்ஸில் வைத்துச் சுழற்றியபடியே உள்ளே தள்ள வேண்டும். உள் தண்டு, ஸ்டேட்டர் தாங்கி, பம்ப் ஆகிய மூன்றிலும் அது தனித்தனியாகப் பொருந்தி இறங்குவது கைக்குத் தெரியும். கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைத்த பின் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாத நிலையில் போல்ட்டை முறுக்கி இழுத்து மூடினால், முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் உடைந்து கியர்பாக்ஸை மறுபடி இறக்க நேரிடும்.