ஒரே பிரிவுக்குள் இரண்டு வீடுகள்

பலெர்மோவில் ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெகிரினோ மலை ஏறுகிறவர்களில் நம்மவர்கள் கணிசம். மேலே குகைக்குள் இருக்கும் சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைப்பவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, சைவரும் உண்டு. அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்ற ஓரிடத்தில், எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கேட்டார்:

"தம்பி, நீர் கொம்பியூட்டர் வேலைதானே. நான் நிக்கிற வீட்டில, அறை மூலையில புதுசா ஒண்டு பூட்டியிருக்கினம். இரவில சின்னதாப் பச்சை வெளிச்சம் மினுங்குது. அது கிழவியைப் பாக்கிறதோ, என்னைப் பாக்கிறதோ?"

முதியவர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்து அவரைப் பராமரிப்பது அக்காவின் வேலை. மகன் இங்கேயே பிறந்தவன். பல்லரோ சந்தைப் பக்கத்திலுள்ள தங்கள் வீட்டுப் படுக்கையறையில் இருந்தபடி மிலானோ நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறான். தாய் வேலைக்காக இன்னொருவர் வீட்டுக்குப் போகிறார். மகனைத் தேடி வேலை வீட்டுக்கு வந்துவிட்டது.

இந்த இருவரும் இத்தாலியச் சட்டத்தில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்பதை அன்றிரவுதான் கவனித்தேன். 2003ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் 115ஆம் பிரிவு தொலைவேலையையும் வீட்டுவேலையையும் சேர்த்தே பேசுகிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்த 2018இல், இடமும் நேரமும் கட்டாத 'லவோரோ ஆஜிலே' வேலைமுறையும் அதில் சேர்க்கப்பட்டது. பிரிவு முழுவதும் இரண்டே வாக்கியங்கள். முதலாவது, இந்த வேலைகளிலெல்லாம் வேலை கொடுப்பவர் தொழிலாளியின் ஆளுமையையும் மனச் சுதந்திரத்தையும் மதிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. இரண்டாவது, வீட்டுவேலை செய்பவர் அந்தக் குடும்ப வாழ்க்கை பற்றிய எல்லாவற்றையும் மறைவாக வைத்திருக்க வேண்டும் என்கிறது.

இலக்கியச் சிற்றேட்டில் சட்டப் பிரிவை விமர்சிப்பதா என்று வாசகர் கேட்கலாம். ஒரு கவிதையை எப்படி வாசிப்போமோ அப்படித்தான் இதையும் வாசிக்க விரும்புகிறேன்: யார் பேசுகிறார், யாரிடம், எது சொல்லாமல் விடப்பட்டது? முதல் வாக்கியம் தாயையும் மகனையும் ஒரே குடைக்குள் நிறுத்துகிறது. இரண்டாவது தாயிடம் மட்டும் ஒரு கடனைக் கேட்கிறது. இந்தப் பிரிவுக்கு வெளியே உள்ள சட்டங்களுக்குப் போனால், மகனுக்கு இருக்கும் கூரை தாய்க்கு இல்லை என்பது தெரியும்.

முதலில் மகனின் கூரை. 1970 மே 20ஆம் திகதி வந்த 300ஆம் இலக்கச் சட்டத்தைத் தொழிலாளர் சாசனம் என்பார்கள். அதன் 4ஆம் பிரிவு, தொழிலாளியைத் தூரத்திலிருந்து கண்காணிக்கக்கூடிய கருவிகளைத் தொழிற்சங்க உடன்பாடோ தொழில் ஆய்வகத்தின் அனுமதியோ இல்லாமல் பொருத்தக்கூடாது என்றது. மனதில் இருந்தவை தொழிற்சாலைக் கூரையில் தொங்கிய கமராக்கள். 2015இல் செய்த திருத்தம், வேலைக்கே தேவைப்படும் கருவிகளுக்கு அந்த உடன்பாடு வேண்டாம் என்று விலக்கு அளித்தது. மடிக்கணினியும் கைபேசியும் அந்த விலக்குக்குள் வந்தன. பார்க்கும் கருவியும் வேலை செய்யும் கருவியும் ஒன்றாகிப்போன பிறகு, அந்த விலக்கின் எல்லை எங்கே என்பதுதான் பத்து வருட வழக்கு. 2017இன் 81ஆம் இலக்கச் சட்டம் லவோரோ ஆஜிலேக்கு விதிகள் வகுத்தபோதும், கண்காணிப்பு அதே 4ஆம் பிரிவுக்கு உட்பட வேண்டும் என்றது.

2020இல் பெருந்தொற்று வந்தது. வடக்கே வேலை பார்த்த தெற்கத்தியர் மடிக்கணினியோடு ஊர் திரும்பினார்கள். பெரிய நிறுவனங்களின் ஊழியர்களில் ஏறத்தாழ 45,000 பேர் தெற்கிலிருந்து வேலை செய்வதாக அந்த ஆண்டு இறுதியில் ஸ்விமெஸ் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. பலெர்மோவைச் சேர்ந்த எலேனா மிலித்தெல்லோ தொடங்கிய 'சவுத் வர்க்கிங்' இயக்கம் இதைத் தெற்கின் எதிர்காலமாகவே முன்வைத்தது. பிள்ளைகளை மிலானோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிப் பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இது நல்ல செய்தி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அப்படிப் பிழைக்கிறவன்தான்.

ஆனால் கூடவே இன்னொன்று வந்தது. 2022 ஜூன் தொடக்கத்தில் பலெர்மோ மாநகராட்சியின் கணினி வலையமைப்பு தாக்கப்பட்டது. 'வைஸ் சொசைட்டி' என்ற கப்பக் கும்பல் பொறுப்பேற்றது. மாநகராட்சி எல்லாவற்றையும் அணைத்தது. கார்களைக் கட்டுப்படுத்தும் பழைய நகரப் பகுதிக்கு அனுமதி பெற முடியவில்லை. அலுவலகங்களைத் தொடர்புகொள்ளச் சனங்கள் தொலைநகலுக்குத் திரும்பினார்கள். அடுத்த வாரமே இங்கே சிறு நிறுவனங்கள் என் போன்றவர்களைத் தேடத் தொடங்கின. கேள்வி ஒன்றுதான்: வீட்டிலிருந்து உள்ளே நுழைகிற ஊழியர் உண்மையில் ஊழியர்தானா, திருடனா? அதற்கு விடை பதிவேடு. யார், எந்த முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு நுழைந்தார், எந்தக் கோப்பைத் தொட்டார், எப்போது வெளியேறினார் என்று கணினி எழுதிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளரின் தரவைக் காக்க இந்தப் பதிவேடு வேண்டும். ஊழியரின் நாளை அவிழ்த்துக் காட்டுவதும் இதே பதிவேடுதான். நிறுவனங்களுக்கு இன்றுள்ள சிக்கலின் வேர் இது. கெட்ட முதலாளி இல்லாத இடத்திலும் இது இருக்கிறது.

அப்படி ஒரு நிறுவனத்துக்கு நான் பதிவேடு அமைத்துக் கொடுத்தேன். சில மாதம் கழித்து, ஒரு ஊழியருடைய பதிவை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வேலைநாளும் மதியத்துக்குப் பிறகு நாற்பது நிமிடம் இடைவெளி. பள்ளிக்கூடம் விடும் நேரம் அது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். வேலை போகவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அந்த இடைவெளி மறைந்துவிட்டது. கைபேசியில் இணைப்பைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். அவருடைய கடிதம் ஒன்றையும் நான் திறந்து படிக்கவில்லை. ஒரு சொல்கூடப் படிக்காமலே அவர் பிள்ளை எத்தனை மணிக்கு வெளியே வருகிறது என்று தெரிந்துகொண்டேன்.

இந்த இடத்தில் எனக்கு நெடுநல்வாடை நினைவுக்கு வருகிறது. அகப் பாடலில் தலைவன், தலைவி எவருடைய இயற்பெயரும் வரக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் வந்தால் அது அகமாகாது. நக்கீரரின் நெடுநல்வாடையிலும் பெயர் இல்லை. கூதிர்காலக் குளிர், அரண்மனை, பிரிந்திருக்கும் அரசி, பாசறையில் நள்ளிரவில் காயம்பட்ட வீரரைப் பார்க்க வரும் அரசன், அவ்வளவுதான். ஆனால் அரசனோடு வருகிற வேலில் வேம்பு சூட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனுடைய அடையாளம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நச்சினார்க்கினியர் இதைப் புறம் என்றார். 188 அடியில் பெயரே சொல்லாத பாட்டை ஒரு வேப்பந்தழை காட்டிக்கொடுத்துவிட்டது.

தரவுப் பாதுகாப்பில் நாங்கள் தலையை உடைத்துக்கொள்வது இந்த வேம்போடுதான். ஐரோப்பிய ஒழுங்குவிதி தனிநபர் தரவு என்று சொல்வது பெயரை மட்டுமல்ல, ஒருவரை மறைமுகமாகவேனும் அடையாளம் காட்டக்கூடிய எதையும். இத்தாலியத் தரவுப் பாதுகாப்பு ஆணையமான கராந்தே, ஊழியர்களின் மின்னஞ்சல்களின் உள்ளடக்கத்தை அல்ல, அவற்றின் மேலுறை விவரங்களை, அதாவது யாரிடமிருந்து, யாருக்கு, எப்போது, எவ்வளவு பெரியது என்பவற்றை, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று 2023 டிசம்பரில் வழிகாட்டியபோது ஏழு நாள் என்றது. நிறுவனங்கள் கூச்சலிட்டன. 2024 ஜூனில் அது 21 நாளாகியது. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனிக் காரணம் காட்ட வேண்டும், 4ஆம் பிரிவின் உடன்பாடும் வேண்டும். மெசினா நீரிணைக்கு அக்கரையில், கலாப்ரியாவின் வேளாண் மேம்பாட்டு அமைப்பு ஒன்று வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பேரின் இருப்பிடத்தைக் கைபேசிச் செயலி வழியாகச் சோதித்தது. தொலைபேசியில் அழைத்து, இப்போதே இடங்காட்டியைப் போட்டு வரவைப் பதி என்பார்கள். 2025இல் கராந்தே விதித்த தண்டம் 50,000 யூரோ.

இதைக் கேட்டதும், பார்த்தீர்களா, தமிழன் இதையெல்லாம் அன்றைக்கே சொல்லிவிட்டான் என்று எழும்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அகத்தின் பெயரின்மை ஒரு பாட்டு மரபு. அது எந்தப் பெண்ணையும் ஊர்வாயிலிருந்து காப்பாற்றவில்லை. ஊர் அலர் தூற்றுவதே அங்கே ஒரு பாடுபொருள். எங்கள் வீடுகளில் பிள்ளையின் கடிதத்தைத் தகப்பன் பிரித்துப் படிப்பது தவறாகத் தெரிந்ததும் இல்லை. தனியுரிமை என்ற சொல்லே எங்களுக்குப் புதிது. ஊரிலும் சட்டம் இப்போதுதான் வருகிறது. இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம், இந்தியாவில் 2023இன் சட்டம். இந்தியச் சட்டமோ வேலை சார்ந்த தேவைக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும், ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள இடம் விடுகிறது. சென்னையில் வீட்டிலிருந்து வேலை செய்யும் மச்சானுடைய நாற்பது நிமிடத்துக்கு என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இனித் தாயின் வீடு. 2017 பெப்ரவரியில் தேசியத் தொழில் ஆய்வகம் ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டது. வீட்டுவேலையில் வேலை கொடுப்பவர் நிறுவனம் அல்ல, தன் வீட்டில் இருக்கும் தனிமனிதர். ஆகவே தொழிலாளர் சாசனத்தின் 4ஆம் பிரிவு அங்கே பொருந்தாது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். தெரிவிக்க வேண்டும், ஒப்புதல் பெற வேண்டும். 2020 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த வீட்டுவேலைக்கான தேசியக் கூட்டு ஒப்பந்தம் இன்னும் கொஞ்சம் தந்தது. வீட்டில் கமரா இருந்தால் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தொழிலாளிக்கென்று ஒதுக்கிய அறையிலும் குளியலறையிலும் வைக்கக்கூடாது. ஆனால் தங்கி வேலை செய்யும் நம் பெண்களில் பலர் இரவில் கிழவியின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒதுக்கிய அறை எது? ஒப்புதல் என்று சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போகமுடிகிறவரின் ஒப்புதல்தானே ஒப்புதல்? மகனுக்குப் பின்னால் அரை நூற்றாண்டுத் தொழிற்சங்கப் போராட்டம் நிற்கிறது. தாய்க்கு ஒரு கடிதம்.

115ஆம் பிரிவின் இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். இத்தாலிய வீடுகளின் உட்பக்கத்தை, அவற்றின் நோய்களை, சண்டைகளை, சொத்துத் தகராறுகளை, சாவுகளை அருகிருந்து அறிந்தவர்களில் நம் தாய்மாரும் அடக்கம். அவர்கள் வாய் திறக்கக்கூடாது என்கிறது சட்டம். நியாயம்தான், அந்தக் கிழவிக்கும் அகம் உண்டு. ஆனால் நம் புலம்பெயர் எழுத்தில் போர் இருக்கிறது, எல்லை தாண்டல் இருக்கிறது, அகதி விண்ணப்பம் இருக்கிறது, பனி இருக்கிறது. அந்நியர் வீட்டில் கழிந்த இருபது வருட இரவுகள் மிகக் குறைவாகவே இருக்கின்றன. அந்த மௌனத்துக்குச் சோர்வும் வெட்கமும் மட்டும் காரணமல்ல. வேலையின் நிபந்தனையாகவே அது கேட்கப்பட்டது. பெயரை விட்டுவிட்டு உள்ளதைச் சொல்வதற்கு எங்களிடம் ஒரு பழைய வழி இருக்கிறது. எழுதப் போகிறவர் வேம்பையும் கவனித்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையிலும் அக்காவின் சம்மதத்தோடு சிலவற்றை எடுத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு, அவருடைய வேலைக் கடிதத்தை மகன் இத்தாலிய மொழியில் உரக்கப் படித்தான். கமரா பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதித் தரும்படி கேட்கச் சொன்னேன். அவர் கேட்டிருக்கிறார். அந்த வீட்டு மகள் முதலில் முகம் சுளித்தாராம். பிறகு தன் கைபேசியை நீட்டி, அதில் விழும் படத்தைக் காட்டினாராம். கட்டிலும் தெரிந்தது, அக்கா படுக்கிற பாயும் தெரிந்தது. பாய் தெரியாதபடி கமராவைத் திருப்பிவிட்டு, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். நல்லது நடந்திருக்கிறது என்றேன். அக்காவுக்கு அது போதவில்லை.

"எனக்கு எழுதித் தந்திட்டினம் தம்பி. கிழவியிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை. அவவுக்குத்தான் நான் உடுப்பு மாத்திறனான்."