வடக்கிருத்தலும் கருணைக் கொலையும்

தீரா நோயுற்றார் உயிரை மருத்துவர் உதவியால் முடித்தலைக் கருணைக் கொலை என்பர். அதனை ஆதரிப்போருள் சிலர், "நம் முன்னோர் வடக்கிருந்து உயிர் நீத்தனரன்றோ?" எனப் புறநானூற்றைச் சான்று காட்டுவர். கேட்பதற்கு இனிய வாதந்தான். பாடல்களை ஊன்றிப் படிப்போர்க்கோ இச்சான்று பொருந்தாமை விளங்கும்.

வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருது புறப்புண் பட்ட பெருஞ்சேரலாதன், நாணி வடக்கிருந்தான். பெற்ற மக்களே பகைத்தெழக் கண்டு உளம் நொந்து வடக்கிருந்தான் கோப்பெருஞ்சோழன். இருவரையும் அங்கே அமர்த்தியது மானம், நோயன்று. பிறர் கையால் முடிந்த உயிர்களும் அல்ல அவை.

தமிழகத்தின் தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் வழங்கியதாகக் கூறப்படும் தலைக்கூத்தல் இதற்கு நேர்மாறானது. படுக்கையில் விழுந்த முதியவர்க்கு எண்ணெய் தேய்த்துத் தலை முழுக்காட்டி, இளநீர் புகட்டி, உயிர் பிரியச் செய்வர். முடிவு செய்வோர் வீட்டாரே. இதனைக் கதைப்பொருளாகக் கொண்டு 2018இல் உருவான திரைப்படத்தின் பெயர் 'பாரம்'. முதியவரைப் பாரமெனக் கருதும் வீட்டில் கருணை என்னும் சொல் எதற்குத் திரையாகும் என்பதை அப்பெயரே உணர்த்தும்.

அங்ஙனமாயின் சோழன் வரலாற்றில் இன்று நாம் கொள்ளத்தக்கது யாது? துணை. நேரிற் கண்டறியாத பிசிராந்தையார் வருவார் என நம்பி அவர்க்கு இடம் ஒதுக்கச் சொன்னான் வேந்தன், அவரும் வந்தார். உடனிருந்து உயிர்விட முனைந்த பொத்தியாரை, மகன் பிறந்தபின் வருக எனத் திருப்பி அனுப்பினான். நண்பர் உடன் இறந்தமை பின்பற்றற்குரியதன்று. சாவாரைத் தனியே விடாமையே பின்பற்றற்குரியது.

"என்னை முடித்துவிடுங்கள்" என்று நோயாளர் கூறுங்கால், அவர் வேண்டுவது பலவேளை சாவன்று. வலி தணிதலும் துணையுமே. இதனை உணர்ந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967இல் இலண்டனில் செயிண்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். வலி மீளுமுன்பே குறித்த வேளையில் மார்பின் கொடுக்கச் செய்தார். உள்ளத் துயரையும் குடும்பக் கவலையையும் வலியின் கூறாகவே கொண்டார். மலேசியாவில் 1991இல் தோன்றிய ஹோஸ்பிஸ் மலேசியா நோயாளரின் வீடு தேடிச் சென்று உதவுகிறது. இத்தகைய பராமரிப்பைக் 'கைவிட்டோர்க்கு உரியது' என எண்ணுதல் பிழை.

சிங்கப்பூரின் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுக்கிறது. மீளாநிலையில் உயிரை நீட்டிக்க மட்டும் செய்யும் சிகிச்சையை மறுத்து முன்னரே எழுதிவைக்கலாம். உயிர் போக்க அச்சட்டம் இடந்தரவில்லை. வலி தணிப்பையும் தடுக்கவில்லை.

எல்லாப் பராமரிப்பும் பெற்றபின்னும் சாவை விழைவோர் உளர். அவர் வழக்குத் தனியே ஆராயத்தக்கது. அதற்குப் புறநானூறு தீர்ப்பு வழங்காது. வகுப்பில் வடக்கிருத்தலைப் பயிற்றும் ஆசிரியர் வேந்தன் இறந்ததோடு பாடத்தை முடித்தல் ஆகாது. அவனருகே ஒதுக்கி வைத்த இடத்தையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும்.