பச்சை உப்பு என்றால்தான் புரியும்

2018 அக்டோபர் 23-ல் பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பைத் தொட்ட தீர்ப்பு. எழுதியது ஆங்கிலத்தில். அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவு அப்படி.

இந்தக் குறையைப் போக்கத்தான் 2019 நவம்பரில் 'சுவாஸ்' வந்தது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழ் உள்பட இந்திய மொழிகளில் பெயர்க்கும் மென்பொருள். அது பெயர்த்ததை மனிதர்கள் சரிபார்க்கிறார்கள். நல்ல காரியம், கைதட்டலாம். தட்டிவிட்டு, தமிழாக்கத்தோடு வரும் சின்னக் குறிப்பையும் படியுங்கள். 'வழக்காடுபவர் புரிந்துகொள்வதற்கு மட்டும். நடைமுறைக்கு ஆங்கிலப் பிரதிதான் செல்லும்' என்கிற பொருளில் இருக்கும். அதாவது படிக்கலாம், நம்பி இறங்கக் கூடாது.

எச்சரிக்கை நியாயம்தான். கோர்ட்டில் 'லீவ் கிராண்டட்' என்றால் மேல்முறையீட்டுக்கு அனுமதி. இயந்திரம் அதை இந்தியில் 'விடுமுறை' ஆக்கிவிட்ட கதையை நீதித்துறை வட்டாரத்திலேயே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

என் புகார் வேறு. பிழையே இல்லாத தமிழாக்கம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் 'பேரியம் நைட்ரேட்' என்று இருக்கும். பட்டாசு ஆலையில் அதற்குப் பெயர் பச்சை உப்பு. போகட்டும், அதையும் மாற்றிவிடலாம். ஆனால் 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் மாண்டார்களே, அப்படியொரு வீட்டில் கேட்கிற கேள்வி என்ன? "யாரைப் போய்ப் பாக்கணும்? எத்தனை நாளுக்குள்ள மனு போடணும்?" எந்தத் தீர்ப்பைத் தமிழில் பெயர்த்தாலும் இதற்குப் பதில் தேடித்தான் எடுக்க வேண்டும்.

செல்போனில் கேட்டால் உரையாடும் மென்பொருள் பதில் சொல்லும். '1923-ஆம் வருட இழப்பீட்டுச் சட்டப்படி...' என்று தயங்காமல் ஆரம்பிக்கலாம். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அனுபவப்பட்ட வக்கீல் குமாஸ்தா பதில் சொல்வதற்கு முன் "விபத்து நடந்தது எப்பம்மா?" என்று கேட்பார். இயந்திரத்துக்குப் பதில் சொல்லத்தான் அவசரம். தப்பாகச் சொன்னால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. பஸ் ஏறித் தப்பான ஆபீஸுக்குப் போய் நிற்பது அந்த அம்மாள்.

1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. விருதுநகர் மாவட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் போய்க் கேட்கலாம். நல்ல மென்பொருள் முதலில் தேதி கேட்கும், எந்தச் சட்டம் என்று சொல்லும், கடைசியில் இந்த எண்ணைக் கையில் கொடுத்து ஒரு மனிதரிடம் அனுப்பிவைக்கும்.

யாராவது 'சட்டத்தை எளிமையாக்கிவிட்டோம்' என்று உங்களிடம் ஒரு மென்பொருளைக் காட்டினால், பச்சை உப்பு என்றால் என்ன என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.