திரையில் செய்யுள் அடி: இணையப் பதிப்புகளின் எழுத்தமைப்புச் சிக்கல்

முன்னுரை

அச்சு நூலில் பக்கத்தின் அகலம் நிலையானது. இணையப் பக்கத்திலோ அது படிப்பவரின் கருவிக்கேற்ப மாறும். உரைநடைக்கு இம்மாற்றம் பெரும் இடையூறன்று. செய்யுளில் அடி யாப்பின் உறுப்பு. எனவே கைப்பேசித் திரையில் அடி எங்கே மடிகிறது என்பது அழகு சார்ந்த வினாவாக மட்டும் நில்லாது, பாடம் சார்ந்த வினாவும் ஆகிறது.

அடி மடிதலும் யாப்பு மயக்கமும்

குறள் வெண்பா நாற்சீர் முதலடியும் முச்சீர் ஈற்றடியும் உடையது. முதலடியின் நான்காம் சீர் கீழிறங்கி இடப்புற ஓரத்தில் தொடங்கினால், ஈரடிப் பா மூன்று வரியாகத் தோன்றும். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராய் நிற்பதே அதன் அடையாளம். ஏனைய அளவடிகளும் மூன்றும் ஒன்றுமாக மடிந்தால் அவ்வடையாளம் மறையும். நேரிசை வெண்பாவின் தனிச்சொல் தனிவரியில் விழுந்தால், கலிப்பாவின் தனியுறுப்பாகிய தனிச்சொல்லோடு மாணவர் அதனை மயங்கக்கூடும். அடிகளைப் பக்கத்தின் நடுவில் அமைக்கும் வழக்கமும் ஏற்புடையதன்று. அடிகளின் தொடக்கம் ஒரே நேர்க்கோட்டில் அமையாதபோது அடியெதுகை கண்ணுக்கு எளிதில் புலப்படாது.

ஓலைச்சுவடிகளில் செய்யுள் அடிபிரிக்கப்படாமல் தொடர்ந்தே எழுதப்பட்டது. ஆதலின் இது பெருங்குறையன்று எனச் சிலர் வாதிடலாம். சுவடி அடியைக் காட்டவில்லை, பிழைபடவும் காட்டவில்லை. படிப்பவர் ஓசையாலும் யாப்பறிவாலும் அடியை வரையறுத்தார். வரிக்கு ஓரடி என்னும் அச்சு மரபில் பழகிய கண்ணோ, திரையின் மடிப்பையும் அடியின் முடிவாகவே கொள்ளும்.

தீர்வு

எழுத்தின் அளவைச் சுருக்கி அடியை ஒரே வரியில் அடக்குவது பொருந்தாது. புள்ளி மங்கினால் மெய்யும் உயிர்மெய்யும் வேறுபாடிழக்கும். மடிந்த பகுதியை உள்தள்ளி அமைக்கும் அச்சு முறையே இங்கும் தக்கது. சிஎஸ்எஸ் நடைவிதிகளில், இடப்புறம் வெளிவிட்டு முதல் வரியை மட்டும் வெளித்தள்ளினால் இது கைகூடும். அதற்கு ஒவ்வோர் அடியும் தனிக்கூறாகக் குறியிடப்பட வேண்டும். பாடல் முழுவதையும் ஒரே பத்தியாக்கி வரிமுறிவு மட்டும் இடும்போது, அவ்விதி பொதுவாக முதலடிக்கே பயன்படுகிறது. எஞ்சிய அடிகள் முன்போலவே மடிகின்றன.

முடிவுரை

அடியைக் குறியிடுதல் பதிப்பாசிரியரின் பணி; அதனைப் பக்க வடிவமைப்பாளரிடம் விட்டுவிடுதல் முறையன்று. சீர்பிரிப்புக்கும் பாடவேறுபாட்டுக்கும் அளிக்கப்படும் கவனம் அடியின் திரைத்தோற்றத்திற்கும் அளிக்கப்படும்போதே, இணையப் பதிப்பு யாப்பாய்வுக்கு நம்பத்தக்க மூலமாகும்.